நாட்டைக் கொடுத்த கல்

ரூத்தாவின் அப்பா இறந்த சேதி நத்தோவி படகுத்துறையில் வந்தது. அப்போது அவள் கையில் ஒரு ரொட்டிப் பொட்டலம் இருந்தது. உள்ளே உருளைக்கிழங்குக் கறி. கைபேசி அதிர்ந்ததும் இடது கையால் எடுத்துப் பார்த்தாள். தங்கள் நாட்டுத் தலைநகர் தரவாவில் வேலை பார்க்கும் சித்தப்பா மகன் அனுப்பியிருந்தான். ‘அப்பா போயிட்டார். சாப்பிட்டுட்டுப் படுத்தவர் எழுந்திரிக்கல. நேத்து அடக்கம் பண்ணியாச்சு. நீ அழாம படி.’ அவ்வளவுதான். கைபேசியைப் பையில் போட்டாள். மிச்ச ரொட்டியைத் தின்றாள். பிறகு கடைக்குப் போய் இன்னொரு பொட்டலம் வாங்கி அதையும் தின்றாள்.

கல்நெஞ்சுக்காரி என்று நினைப்பவர்கள் நினைத்துக்கொள்ளுங்கள். துக்கம் வந்தால் தொண்டை அடைக்கும், சோறு இறங்காது என்று நமக்கெல்லாம் யாரோ சொல்லி வைத்திருக்கிறார்கள். ரூத்தாவும் அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தாள். ஆனால் ரொட்டி வழக்கம்போல இறங்கியது. கறியில் உப்பு கொஞ்சம் கூடுதல் என்பதுகூடத் தெரிந்தது. அழுகை வருமா என்று சற்று நேரம் காத்துப் பார்த்தாள். வரவில்லை. படகு வந்தது, ஏறிக்கொண்டாள்.

அவள் கிரிபாஸ் நாட்டுப் பெண். ஊர் எது என்று கேட்டால் ‘பேரு’ என்பாள். ஊர்ப் பேரே பேருதான். பசிபிக் கடலில் யாரோ மறந்து போட்டுவிட்டுப் போன கயிறு மாதிரி ஒரு மணல் தீவு, வாரம் ஒரு சின்ன விமானம், அதுவும் காற்று அனுமதித்தால். அப்பா நபுவாக்கா தென்னையில் பதநீர் இறக்குகிறவர். காலையில் ஒரு தடவை, மாலையில் ஒரு தடவை மரமேறுவார். மேலே உட்கார்ந்து உரக்கப் பாடுவார். மரத்தில் ஆள் இருக்கிறான் என்று கீழே போகிறவர்களுக்குத் தெரிய வேண்டுமே, அதற்கான பாட்டு. அதில் ராகத்தைத் தேடக் கூடாது.

பிஜி நாட்டின் சுவா நகரத்துப் பல்கலைக்கழகத்தில் இப்படிப் பல தீவு நாட்டுப் பிள்ளைகள் படிக்கிறார்கள். தொங்கா, துவாலு, சாலமன், வனுவாத்து, ஆளுக்கொரு மூலை. வரலாறு எடுத்தவர்களுக்கு வருடம் ஒரு கல்விப் பயணம் கட்டாயம். இந்த வருடம் ஓவலாவ் தீவிலுள்ள லெவூக்கா, பிஜியின் பழைய தலைநகரம். வெள்ளிக்கிழமை போய் ஞாயிற்றுக்கிழமை திரும்ப வேண்டும். கூட்டிக்கொண்டு போன வசேமதா மேடம் பிஜிக்காரி, பெரிய உருவம், அதைவிடப் பெரிய குரல். ஒவ்வொருவரும் ஒரு பழைய இடத்தில் நின்று ஐந்து நிமிடம் பேச வேண்டும், அதற்கு மதிப்பெண். "காய்ச்சல்னா மாத்திரையப் போட்டுக்கிட்டுப் பேசு. வயித்துவலின்னா குனிஞ்சுக்கிட்டுப் பேசு" என்று வகுப்பிலேயே சொல்லிவிட்டார். அப்பா செத்தால் என்ன செய்வது என்று அவர் சொல்லவில்லை, யாரும் கேட்கவுமில்லை.

ரூத்தாவுக்கு இப்போது வேண்டியது ஒன்றே ஒன்றுதான். இந்தப் பயணம் முடிகிற வரைக்கும் யாரும் அதை வாயால் சொல்லக் கூடாது.

அவர்கள் விடுதியில் ஒரு வழக்கம் உண்டு. ஊரில் யாராவது இறந்தால், கிரிபாஸ் பிள்ளைகள் எல்லாரும் ஓர் அறையில் பாய் விரித்து உட்காருவார்கள். உரியவளை நடுவில் உட்கார வைப்பார்கள். இருப்பவர்களில் மூத்தவன் எதிரே உட்கார்ந்து, இன்னார் மகளே, இன்னது நடந்துவிட்டது என்று நேர் வார்த்தையில் சொல்வான். போன வருடம் ஒரு பெண்ணுக்கு இப்படி ஆயிற்று. அவளுக்குக் கைபேசியில் முன்பே எல்லாம் தெரியும். தெரிந்தும் வகுப்புக்குப் போனாள், துணி துவைத்தாள், சிரித்தாள்கூட. பாயில் உட்கார வைத்து வாயால் சொன்ன நொடியில்தான் அடியோடு சாய்ந்தாள். ரூத்தாதான் அவளை மடியில் போட்டுக்கொண்டாள். எழுத்தில் வருவது சேதி, வாயில் வந்தால்தான் சாவு என்று அன்றைக்கே அவளுக்குப் பட்டுவிட்டது.

ஆகவே யாரும் சொல்லாத வரைக்கும் அப்பா மரத்தின் மேல்தான் இருக்கிறார். ஞாயிறு மாலை வரைக்கும் இருக்கட்டும். பூனை கண்ணை மூடிக்கொண்டால் உலகம் இருண்டுவிடாது என்பது அவளுக்கும் தெரியும். இரண்டு நாள் மூடிக்கொண்டிருந்தால் யாருக்கு என்ன நஷ்டம்?

சொல்ல வேண்டிய மூத்தவன் அதே படகில்தான் இருந்தான். கபுரோரோ, மூன்றாம் வருடம். எந்நேரமும் யாரையாவது கிண்டல் பண்ணிக்கொண்டிருக்கும் பிறவி. ஆனால் இன்று காலையிலிருந்து அவன் சரியில்லை. பேருந்தில் தன் ஜன்னல் இருக்கையை அவளுக்குக் கொடுத்தான். அவள் பையைக் கேட்காமலே தூக்கிக்கொண்டான். கடல் ஒத்துக்கொள்ளவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள். அவனுக்கு விஷயம் தெரிந்திருந்தால் இந்நேரம் சொல்லியிருப்பானே. தெரியாது, நல்லது.

படகின் மேல்தட்டில் லிதியா பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். விடுதியில் ரூத்தாவின் அறைத்தோழி. ஓவலாவ் அவளுடைய சொந்தத் தீவு, அதனால் இன்று அவளுக்குத் தலைகால் புரியவில்லை.

"என்னடி, ரெண்டு ரொட்டிய முழுங்கிட்டுக் கரையேறுன ஆமை மாதிரி உக்காந்திருக்கே? எங்க மலையப் பாத்துப் பயமா?"

"உங்க ஊர்ல மலைய விட்டா பாக்கறதுக்கு வேற என்ன இருக்கு?"

"மலையாவது இருக்குல்ல. உங்க ஊர்ல ஒசந்த எடம்னா தென்னமரந்தான். அதுலயும் உங்கப்பா ஏறி உக்காந்துக்கிட்டு எறங்க மாட்டேங்கறாரு."

சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். ரூத்தாவின் அப்பா பாட்டுப் பாடும் கதை வகுப்பில் எல்லாருக்கும் தெரியும். அவளே நடித்துக் காட்டியிருக்கிறாள்.

"லிதியா, வாய மூடு" என்றான் கபுரோரோ.

எல்லாரும் அவனைத் திரும்பிப் பார்த்தார்கள். கிண்டலைக் கண்டு கபுரோரோ முகம் சுளிப்பதாவது!

"என்னடா, உனக்கு என்ன வந்துச்சு? நீ பண்ணாத கேலியா?" என்றாள் லிதியா.

"விடு" என்றாள் ரூத்தா. "அவ சொல்றது நெசந்தான். எறங்கவே மாட்டாரு. எங்கம்மா கீழ நின்னு கத்தும், இவரு மேல இன்னொரு பாட்டு எடுப்பாரு."

சொல்லிவிட்டு உள்ளே ஏதாவது அசைகிறதா என்று பார்த்தாள். ஒன்றும் அசையவில்லை. பல் பிடுங்குவதற்கு முன்னால் ஊசி போட்டு மரத்துப்போன கன்னத்தை விரலால் தட்டிப் பார்ப்பது போலத்தான் இருந்தது. தன் கன்னம்தான், ஆனால் வேறு யாருடையதோ.

லெவூக்கா சின்ன ஊர். கடலை ஒட்டி ஒரே வீதி, மரத்தாலான பழைய கடைகள், அவற்றின் முதுகில் மலை. மீனை டப்பாவில் அடைக்கும் ஆலையின் வாசனை ஊர் முழுக்க. படகுத்துறையிலிருந்து பேருந்தில் வந்து இறங்கியதும் மாதா கோயில் மணி பன்னிரண்டு அடித்தது. கொஞ்சம் பொறுத்து மறுபடியும் பன்னிரண்டு அடித்தது.

"மணி கெட்டுப்போச்சா?" என்று கேட்டான் துவாலுப் பையன் ஒருவன்.

"எங்க மணிக்கு ஒண்ணும் இல்ல" என்றாள் லிதியா. "மொத தடவ காதுல வாங்காதவங்களுக்காக ரெண்டாவது தடவ. எங்க ஊர்க்காரங்க லேசுல எதையும் கேக்க மாட்டாங்க, தெரிஞ்சுதான் வெச்சிருக்காங்க."

மேடம் பிள்ளைகளை மந்தை மாதிரி ஓட்டிக்கொண்டு போனார். பழைய மன்றக் கட்டடத்தில் சாலமன் பையன் பேசினான். மிஷன் படிக்கட்டில் மூச்சு வாங்கிக்கொண்டே ஒருத்தி பேசினாள். ரூத்தா எல்லாவற்றையும் குறிப்பெடுத்தாள். அவள் கையெழுத்து எப்போதும்போல அழகாக இருந்தது. கோயில் கூடத்தில் மரவள்ளிக்கிழங்கும் தேங்காய்ப்பாலில் வேகவைத்த மீனும் போட்டார்கள். இரண்டாவது தடவையும் வாங்கிச் சாப்பிட்டாள். கபுரோரோ தன் தட்டைத் தொடவில்லை. அவள் சாப்பிடுவதையே பார்த்துக்கொண்டிருந்தான், அவள் நிமிர்ந்ததும் தலையைத் திருப்பிக்கொண்டான்.

சாப்பாடு முடிந்து நசோவாவுக்கு நடந்தார்கள். ஊரை விட்டுக் கொஞ்சம் தள்ளி, கடலோரம் ஒரு புல்தரை. அங்கேதான் பிஜியின் தலைவர்கள் கூடி, தங்கள் நாட்டை இங்கிலாந்து ராணிக்கு எழுதிக் கொடுத்தார்கள். அதன் நினைவாக அங்கே கல் நட்டிருக்கிறது. ரூத்தா பேச வேண்டிய இடம் அதுதான்.

புல்தரையில் கால் வைத்ததும்தான் அவளுக்கு உறைத்தது. வந்து இத்தனை நேரமாயிற்று, மண்ணுக்கு இன்னும் வணக்கம் சொல்லவில்லை.

கிரிபாஸில் புதுத் தீவுக்குப் போகிறவர்கள் முதலில் அந்தத் தீவின் பழைய கல்லிடம் போவார்கள். புகையிலைத் துண்டு வைப்பார்கள். அங்கிருக்கும் மணலை எடுத்து இரண்டு கன்னத்திலும் தடவிக்கொண்டு, நான் இன்னார், இன்னார் பிள்ளை என்று சொல்வார்கள். அப்போதுதான் மண் இவர்களை நம்மவர் என்று எடுத்துக்கொள்ளும், கெடுதல் செய்யாது. ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போகிறவர்கள்தான், ஆனாலும் இதை விடமாட்டார்கள். எதற்கும் இருக்கட்டும் என்றுதான். சுவாவுக்குப் புறப்பட்டபோது அப்பா கட்டிப் புகையிலையைப் பொட்டலம் கட்டிக் கொடுத்திருந்தார். "எங்க போனாலும் மொதல்ல மண்ணுக்காரங்களுக்கு ஒரு துண்டு வை. அப்புறந்தான் வாயத் தொறக்கணும்" என்றார். சுவாவில் கல் எதுவும் அகப்படாமல் விடுதித் தென்னையடியில் வைத்தாள். அதை ஒரு நாய் கவ்விக்கொண்டு போனது.

இங்கே கல் இருந்தது. நடு இடத்தில், நன்றாகப் பராமரித்து, கன்னங்கரிய எழுத்துப் பலகை பதித்து, கேட்பாரற்றுக் கிடக்காமல் மரியாதையாக நின்றது. அவள் ஊர்க் கல்லையும் இப்படித்தான் பேணி வைத்திருப்பார்கள். யோசிக்கவே இல்லை. பையிலிருந்து புகையிலையைக் கிள்ளி எடுத்து, கல்லின் அடியில் வைத்தாள். ஓரமாகப் போய் மணலை அள்ளி வந்து கன்னங்களில் தடவினாள். மற்றவர்கள் மேடத்தைச் சுற்றி வட்டமாக நிற்க ஆரம்பித்திருந்தார்கள். அவள் குனிந்து, தன் மொழியில், அப்பா கற்றுக்கொடுத்த வார்த்தைகளை அதே வரிசையில் சொன்னாள்.

"நான் ரூத்தா. பேரு தீவு நபுவாக்காவோட மக. எங்கப்பா நல்லாருக்காரு, எங்க வீட்டுல எல்லாரும் உசுரோட இருக்காங்க. எனக்கும் உசுரக் குடு."

வார்த்தைகள் அப்படித்தான். அவளாக எதையும் சேர்க்கவில்லை.

பின்னால் லிதியாவின் குரல் கணீரென்று கேட்டது. "அடியே மணல்காரி! என்னடி பண்றே அங்க?"

"உங்க மண்ணுக்கு வணக்கம் சொல்றேன்."

"மண்ணா? அந்தக் கல்லா?" லிதியாவுக்குச் சிரிப்பில் மூச்சு முட்டியது. "அது எங்க நாட்டையே தூக்கிக் குடுத்த கல்லுடி! அதுகிட்டப் போயி எடம் கேக்கறியே! அதுக்கே சொந்தமா ஒரு சாண் நெலம் கெடையாது!"

வட்டம் முழுக்க வெடித்துச் சிரித்தது. மேடம்கூட வயிற்றைப் பிடித்துக்கொண்டார். ஒருவன் கல்லுக்கு முன்னால் கைகட்டி நின்று, "மகாராணி, எனக்கு ஒரு பார்சல் நெலம் குடும்மா" என்றான். எரிகிற வீட்டில் பிடுங்கினது லாபம் என்று எடுத்துக்கொண்டு போனவர்களின் கல்லிடம், கன்னத்தில் மண்ணைப் பூசிக்கொண்டு உயிர்ப்பிச்சை கேட்பவளைப் பார்த்தால் யாருக்குத்தான் சிரிப்பு வராது? ரூத்தாவும் சிரித்தாள். எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தாள். தன் சிரிப்பைத் தானே தள்ளி நின்று கேட்டாள்.

"அந்தப் புகையிலைய எடுத்துடு, புல்லு வெட்டறவரு பாத்தா பத்த வெச்சுடுவாரு" என்றாள் லிதியா.

"வெச்சத எடுக்கக் கூடாது."

"சரி சரி, இருக்கட்டும்" என்றார் மேடம், கண்ணைத் துடைத்துக்கொண்டே. "இதையும் பேச்சுல சேத்துக்கோ ரூத்தா. புதுசா வர்றவங்க யார்கிட்டக் கேக்கணும், யார்கிட்டக் கேட்டாங்க, அதான் இந்த எடத்தோட கதையே. ஆரம்பி."

ரூத்தா வட்டத்துக்கு நடுவில் வந்து நின்றாள். கன்னத்து மணலைத் துடைக்கவில்லை. மனப்பாடம் செய்து வைத்திருந்ததை ஆரம்பித்தாள். பெரிய தலைவர் கடன் தொல்லையில் மாட்டிக்கொண்டதை, வெள்ளைக்காரத் தோட்டக்காரர்கள் அடித்துக்கொண்டதை, கையெழுத்துப் போட்டபின் தன் தண்டாயுதத்தையே அவர் ராணிக்கு அனுப்பி வைத்ததைச் சொன்னாள். நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தினாள். ஒரு தேதிகூடத் தவறவில்லை. பேச்சு வாயிலிருந்து தானாக ஓடிக்கொண்டிருந்தது, குழாயைத் திறந்துவிட்டு வேறு வேலை பார்க்கப் போன மாதிரி.

அப்போதுதான் கபுரோரோவைப் பார்த்தாள். அவன் வட்டத்தில் இல்லை. நாலடி தள்ளி நின்றிருந்தான். சிரித்த அடையாளமே முகத்தில் இல்லை. அவன் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. அதைத் துடைக்கக்கூட அவனுக்குத் தோன்றவில்லை.

இவனுக்குத் தெரியும், என்று ரூத்தாவுக்கு அந்த நொடியில் புரிந்தது. ஜன்னல் இருக்கை, பை, படகில் அதட்டல், தொடாத தட்டு எல்லாம் புரிந்தது. விடியற்காலையிலேயே இவனுக்குச் சேதி வந்திருக்கும். விடுதியில் கூடிப் பேசியிருப்பார்கள். இப்போது சொல்லி என்ன ஆகப்போகிறது, பேருவுக்கு விமானமும் இல்லை, புதைத்தும் ஆயிற்று, போய்விட்டு வரட்டும், ஞாயிற்றுக்கிழமை சொல்லிக்கொள்ளலாம் என்று முடிவு செய்திருப்பார்கள். அவளைத் தனியே விடாமல் பக்கத்திலேயே இருக்கும்படி இவனிடம் சொல்லியிருப்பார்கள். அவள் அவர்களை ஏமாற்றிக்கொண்டிருந்தாள், அவர்கள் அவளை.

அப்படியே இருந்திருக்கலாம். யாருக்கும் கெடுதல் இல்லை. அவள் பேச்சைத் தொடர்ந்தாள்.

"ரூத்தா, நிறுத்து" என்றான் கபுரோரோ. தங்கள் மொழியில்தான் சொன்னான்.

"பேசிட்டிருக்கேன்ல."

"கல்லுகிட்ட நீ சொன்னது தப்பு. திருத்திச் சொல்லணும்."

"கல்லே தப்பான கல்லாம். அதுகிட்டச் சொன்னா என்ன, சொல்லாட்டா என்ன?"

"கல்லு தப்பா இருக்கலாம். மண்ணு மண்ணுதான. உனக்கு விஷயம் தெரியாது தங்கச்சி..."

"தெரியும்" என்றாள் ரூத்தா. "நத்தோவிலயே தெரியும். நீ ஞாயித்துக்கெழம சொல்லு. இப்ப வாய மூடிக்கிட்டு நில்லு."

கபுரோரோ திகைத்துப் போனான். அவள் தின்ற ரொட்டிகள், வாங்கிச் சாப்பிட்ட மீன், சிரித்த சிரிப்பு எல்லாம் அவன் முகத்தில் ஒவ்வொன்றாக வந்து போயின. வட்டத்தில் இருந்தவர்களுக்கு ஒன்றும் விளங்கவில்லை. கிரிபாஸ் மொழி தெரிந்தவர்கள் அங்கே இவர்கள் இருவர் மட்டும்தான்.

"என்ன, குடும்பச் சண்டையா?" என்றாள் லிதியா. "மேடம், பேச்ச நடுவுல நிறுத்துனா மார்க்கு கொறையுமா?"

"சும்மா இரு" என்றார் மேடம். அவர் கபுரோரோவின் கண்களைப் பார்த்துவிட்டார்.

கபுரோரோ பக்கத்தில் வந்தான். கெஞ்சுகிற குரலில் பேசினான். "தெரிஞ்சுமா அப்படிச் சொன்னே? அவரு இப்ப நம்ம முன்னோருங்ககிட்ட, வடக்கப் பாத்துப் போயிட்டிருப்பாரு. மக நம்மள உசுரோட இருக்காருன்னு சொல்றாளேன்னு காதுல விழுந்தா, திரும்பிப் பாப்பாரு ரூத்தா. திரும்பிப் பாத்தா வழி போயிடும். போறதுமில்ல, வர்றதுமில்லன்னு நடுவுல நின்னுடுவாரு. உங்கப்பா நிக்கணுமா அப்படி?"

அவள் அதை நம்பினாளா என்று கேட்டால், வகுப்பில் உட்கார்ந்திருக்கும்போது நம்பமாட்டாள். ஆனால் கடலோரத்தில், கன்னத்தில் மணலோடு நிற்கும்போது நம்பாமல் இருக்க முடியவில்லை. அப்பா எங்கோ வழியில் ஒரு காலைத் தூக்கி வைத்தபடி, கழுத்தைத் திருப்பி இந்தப் பக்கம் பார்ப்பது அவளுக்குத் தெரிந்தது. கூப்பிட்டால் நின்றுவிடுகிற மனிதர்தான் அவர். அம்மா கத்தினால்தான் இறங்க மாட்டார். இவள் கூப்பிட்டால் பாதி மரத்திலிருந்துகூட இறங்கி வருவார்.

இரண்டு நாள் வைத்துக்கொள்ளலாம் என்று நினைத்தாள். அரை நாள்தான் கிடைத்தது.

"சரி, சொல்லு" என்றாள். "சுருக்கமா சொல்லு. இவங்களுக்குத் தெரிய வேணாம். தெரிஞ்சா எல்லாரும் எம்மூஞ்சியையே பாப்பாங்க."

"நம்ம பாஷ இவங்களுக்கு எங்க புரியப்போவுது?"

கபுரோரோ சட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டான். கல்லுக்கு முதுகைக் காட்டி, மலையைப் பார்த்து நிமிர்ந்து நின்றான். விடுதிப் பாயில் உட்கார்ந்து பேசுகிற குரலில், அந்த மண்ணிடம் நிறுத்தி நிறுத்திச் சொன்னான். இவள் ரூத்தா என்றான். பேரு தீவு நபுவாக்காவின் மகள் என்றான். முதலில் சொன்னது தவறு, பொறுத்துக்கொள் என்றான். பிறகு, "நபுவாக்கா மாத்தே" என்றான்.

படித்தவன்தான், ஆனாலும் ஒன்றை மறந்துவிட்டான். அந்தப் பெருங்கடலில் தீவுக்கொரு மொழி. ஒருவன் சோறு கேட்டால் இன்னொருவனுக்குப் புரியாது. ஆனால் கண்ணுக்கும் மீனுக்கும் சாவுக்கும் மட்டும் பல தீவுகளில் ஒரே சொல்தான். பிஜியில் மாத்தே. தொங்காவில் மாத்தே. துவாலுவில் மாத்தே. அவன் சொன்ன அத்தனையும் காற்றில் போயிற்று, அந்த ஒரு சொல் மட்டும் வட்டத்தில் எல்லார் காதிலும் போய் விழுந்தது. அதற்கு முந்தின சொல் ரூத்தாவின் அப்பா பெயர் என்பது, அவள் நடித்துக் காட்டிய கதைகளால் எல்லாருக்கும் தெரிந்திருந்தது.

சிரிப்பின் மிச்சம் சட்டென்று அடங்கியது. முதலில் உட்கார்ந்தவர் மேடம். அவ்வளவு பெரிய உடம்பை வைத்துக்கொண்டு, கையிலிருந்த மதிப்பெண் கோப்பைப் போட்டுவிட்டு, புல்லில் அப்படியே உட்கார்ந்தார். அவரைப் பார்த்து லிதியா உட்கார்ந்தாள். பிறகு தொங்காக்காரர்கள், துவாலுப் பையன், மகாராணியிடம் நிலம் கேட்டவன், எல்லாரும் ஒருவர்பின் ஒருவராக உட்கார்ந்து தலையைக் குனிந்துகொண்டார்கள். யாரும் யாரையும் ஏவவில்லை. சாவின் பெயர் சொன்ன இடத்தில் நின்றுகொண்டிருக்கக் கூடாது என்பது அங்கே பால்குடிப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். கபுரோரோவும் உட்கார்ந்தான்.

ரூத்தா மட்டும் நின்றாள். தானும் உட்கார வேண்டும் என்று தெரிந்தது, முழங்கால் மடங்கவில்லை. பேச்சில் மிச்சமிருந்த இரண்டு வரிகள் வாயில் இருந்தன. யாரும் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. பார்ப்பார்களே என்றுதான் பயந்திருந்தாள், ஆனால் இப்போது யாராவது பார்த்தால் தேவலை போலிருந்தது.

லிதியா புல்லிலேயே நகர்ந்து வந்தாள். எழுந்திருக்காமல், தலையை நிமிர்த்தாமல், ரூத்தாவின் பாவாடை ஓரத்தைப் பிடித்துக் கீழே இழுத்தாள். அப்பா மரத்திலிருந்து இறங்க மாட்டேன் என்கிறார் என்று காலையில் கேலி செய்த அதே வாய், இப்போது சத்தமில்லாமல் நடுங்கிக்கொண்டிருந்தது. இழுத்த இழுப்பில் ரூத்தாவின் கால்கள் மடங்கின. புல்லில் தொப்பென்று விழுந்தாள். லிதியா அவளை இழுத்துத் தன்மேல் சாய்த்துக்கொண்டாள். ரூத்தாவின் கன்னத்து மணல் அவள் கழுத்தில் ஒட்டியது.

"எப்போ?" என்று கேட்டாள் லிதியா. "அப்பா எப்போ போனாரு, ரூத்தா?"

ரூத்தா வாயைத் திறந்தாள். முதல் தடவை காற்றுதான் வந்தது.

"இப்பத்தான்" என்றாள்.